கைக்கு எட்டாத இடம்

தன் உடம்பிலேயே தன் கை எட்டாத இடம் ஒன்று மனிதனுக்கு உண்டு. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, முதுகின் மேல்பாகத்தில், ஓர் உள்ளங்கை அகலம் இருக்கும். தீபாவளியன்று விடியற்காலையில் மணையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக் கொள்ளும்போது ஒவ்வோர் ஆண்டும் எனக்கு அந்த இடம் நினைவுக்கு வரும். மனைவியைக் கூப்பிடுவேன். அவள் அடுப்படியிலிருந்து அலுத்துக்கொண்டே வருவாள். காரியம் முடிந்துவிடும். அதற்கு மேல் அந்த ஓர் உள்ளங்கை அகலத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியம், சென்ற ஆண்டு ஓர் ஆணழகன் போட்டிக்குப் போகும்வரை, எனக்கு ஏற்பட்டதில்லை.

ஆணழகன் போட்டிக்கும் உமக்கும் என்ன சம்பந்தம் என்று என்னை நேரில் பார்த்தவர்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்வார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு வளர்வது வயிறு ஒன்றுதான். என்னை அங்கே இழுத்துப் போனவன் அடுத்த வீட்டுப் பையன். கோவையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. வயது இருபத்து மூன்று. காலை நாலரை மணிக்கு எழுந்து ஜிம்முக்குப் போவான், எட்டரைக்குப் பட்டறை, இருட்டிய பிறகு மறுபடியும் ஜிம். நாளைக்குப் பதினைந்து முட்டை. அதிலும் மஞ்சள் கரு ஆகாதாம். "மஞ்சக்கருவை என்ன பண்றதுன்னே தெரியலீங்க, தெருநாய்தான் கொழுக்குது" என்று அவன் தாயார் என் மனைவியிடம் முறையிடுவதை ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறேன். போட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே எண்ணெய், இனிப்பு, உப்பு என்று ஒவ்வொன்றாக அவனிடம் விடைபெற்றுக் கொண்டன. தங்கையின் வளைகாப்பு விருந்தில்கூட இலையில் உட்காராமல் வாசலில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டுக் கொண்டிருந்தான்.

"அப்பா இருந்தா வந்திருப்பாருங்க. நீங்க வரோணும் மாமா" என்றான். மறுக்க முடியவில்லை.

உண்மையைச் சொல்லி விடுகிறேன். இந்தப் போட்டியின் மீது எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. கபடி என்றால் மூச்சைப் பிடித்துக் கொண்டு எதிரியின் எல்லைக்குள் ஒருவன் போகிறான். ஓட்டப் பந்தயம் என்றால் கடிகாரம் இருக்கிறது. மல்யுத்தத்தில் எவனுடைய முதுகு மண்ணில் பட்டது என்பதை ஊரே பார்க்கிறது. இதிலே என்ன இருக்கிறது? கண்ணாடியின் முன்னால் வளர்ந்தவன் ஒருவன் ஒரு முழத் துணியோடு மேடையில் நின்று, 'என்னைப் பார்' என்கிறான். எப்போதும் தன்னையே பார்த்துக் கொண்டிருக்கிறவனுக்கு அடுத்தவனை மதிக்க எங்கிருந்து தெரியப் போகிறது? இதுதான் என் கட்சி. சரிகை வேஷ்டியைக் கட்டிக்கொண்டு அந்தக் கட்சியோடுதான் அன்று புறப்பட்டேன்.

போட்டி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். மணமேடைதான் மேடை. பந்தி பரிமாறுகிற கூடத்தில் போட்டியாளர்கள். பழைய சாம்பார் வாசனை இன்னும் போகாத அந்த இடத்தில், இரண்டு நாளாகச் சரியாகத் தண்ணீர்கூடக் குடிக்காத நாற்பது ஐம்பது வாலிபர்கள் பாய்களின் மேல் படுத்துக் கிடந்தார்கள். சிலர் சுவரைப் பிடித்துத் தண்டால் எடுத்தார்கள். ஒருவன் பேரீச்சம்பழத்தை மருந்து போல மென்றான். தோலுக்கு அடியில் இருக்கிற நீரை வற்ற வைத்தால்தான் தசையின் கோடுகள் தெரியுமாம். எல்லோர் மேலும் பழுப்பு நிறச் சாயம். மேடை விளக்கு வெளிச்சத்தில் வெறும் மேனி வெளுத்துத் தட்டையாகத் தெரியும் என்பதால் சாயம் பூசி, அதன் மேல் லேசாக எண்ணெயும் தடவிக் கொள்கிறார்கள்.

எங்கள் பையன் 65 கிலோ பிரிவு. கை, மார்பு, தொடை எல்லாம் எண்ணெய் தடவி முடித்துவிட்டான். முதுகு பாக்கி. அவனுடைய மாஸ்டர் எண் அட்டை வாங்க அலுவலர்களிடம் போயிருந்தார். ஒலிபெருக்கியில் பிரிவின் பெயரைக் கூப்பிட்டாகிவிட்டது. பையன் என்னைப் பார்த்தான். பிறகு என் சரிகை வேஷ்டியைப் பார்த்தான். நானும் ஒரு கணம் என் வேஷ்டியைப் பார்த்துக் கொண்டேன். அந்த ஒரு கணத்துக்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

அப்போது பக்கத்துப் பாயிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். "திரும்பு தம்பி" என்றான். பையன் திரும்பினான். வந்தவன் கையில் எண்ணெயை ஊற்றி அந்த எட்டாத இடத்தில் தேய்த்தான்.

அவன் யார் என்று பிறகுதான் தெரிந்தது. சென்ற ஆண்டு இதே 65 கிலோ பிரிவில் முதல் பரிசு வாங்கியவன். வேறு ஜிம். இரண்டு ஜிம்முக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மேடையில் ஏழு நிலைகளில் நிற்கச் சொல்கிறார்கள். அவற்றில் இரண்டு முதுகுப் பக்கம் திரும்பிக் காட்டுவது. எண்ணெய் திட்டுத் திட்டாக இருந்தால் நடுவருக்கு அந்த முதுகு கோணலாகத் தெரியும். தெரிந்தது தன் முதுகு என்பதால் பையனுக்கு மட்டும் அது தெரியாது. கதை எழுதுகிற புத்தி சும்மா இருக்குமா? எங்கேயாவது ஒரு திட்டு விட்டு வைக்கிறானா என்று உற்றுப் பார்த்தேன். தீபாவளிக்கு அண்ணன் தம்பிக்குத் தேய்ப்பது போல, காது மடலுக்குப் பின்னால்வரை தேய்த்துவிட்டு, தன் கையைச் சுவரில் துடைத்துக்கொண்டு போனான்.

என் கட்சி பாதி அங்கேயே கலைந்துவிட்டது.

மேடையில் ஏழு பேர். எல்லோரும் பாறை போல நிற்பதாக வெளியிலிருந்து தோன்றும். கிட்டே போய்ப் பார்த்தால் கால் விரல்கள் நடுங்குகின்றன. இதிலும் சில்லறைத் தந்திரங்கள் உண்டு. வரிசையைவிட்டு அரை அடி முன்னால் வந்து நின்றால் நடுவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியலாம். முழங்கையைக் கொஞ்சம் அகட்டினால் பக்கத்தில் நிற்பவனின் விலா மறைந்துவிடும். இரண்டு பேர் செய்தார்கள். ஏழாவதாக நின்றவன் பதினெட்டு வயது இருக்கலாம், மிகவும் ஒல்லி. முதல் மேடை என்பது பார்த்தாலே தெரிந்தது. பின்பக்கம் திரும்பச் சொன்னபோது அவன் பக்கவாட்டில் திரும்பிவிட்டான். "யாராவது அவனுக்குச் சோறு போடுங்கடா!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். மண்டபம் முழுவதும் சிரித்தது. மேடையிலும் சிரிப்பு பரவியது. எங்கள் பையனும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தான். சென்ற ஆண்டு ஜெயித்தவன் மட்டும் ஒல்லிப் பையனின் தோளைத் தொட்டு நேராகத் திருப்பிவிட்டு, ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்பது எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் விலா எலும்புகள் ஏறி இறங்குவது மெல்ல அடங்கியது.

தீர்ப்பு முறை எளியது. ஒவ்வொரு நடுவரும் ஒன்று, இரண்டு, மூன்று என்று இடம் போட்டுக் கொடுக்கிறார். கூட்டிப் பார்த்து எண்ணிக்கை குறைவாக இருப்பவன் ஜெயித்தவன். சென்ற ஆண்டு ஜெயித்தவனே மறுபடியும் ஜெயித்தான். எங்கள் பையன் இரண்டாவது. ஜெயித்தவனின் கையைப் பையன் மேலே தூக்கிப் பிடித்தான். கூட்டம் கைதட்டியது.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் ஸ்கூட்டரை நிறுத்தினோம். மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் சாப்பிட்ட முதல் உப்புப் பண்டம் அந்தக் கடையின் போண்டா. மூன்றாவது போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்:

"அவன் ஊசி போடறானுங்க மாமா. ஜிம்முல எல்லாருக்கும் தெரியும். நான் அவன் கையைத் தூக்கிப் புடிச்சனே, அது பொய்தானுங்களே?"

என்னிடம் பதில் இல்லை. டீயைக் குடித்தேன்.

அற்பமான கேள்வி அல்ல இது. 'விளையாட்டு வீரனுக்குப் பெருந்தன்மை வேண்டும்' என்று பரிசளிப்பு விழாக்களில் பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். நான் பார்த்த போட்டியில் மருந்துச் சோதனை ஒன்றும் நடக்கவில்லை. அனபாலிக் ஸ்டீராய்டு என்கிற அந்த மருந்து தசையைச் சீக்கிரம் வளர்க்கும். இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு வந்திருந்தால், பதினைந்து முட்டையும் பட்டறைச் சம்பளமுமாக வந்தவனின் இடத்தை அவன் எடுத்துக் கொள்கிறான். எடுத்துக் கொண்டவனுக்குக் கை கொடுப்பது பெருந்தன்மையா, கோழைத்தனமா?

எனக்கு முதலில் தோன்றிய பதில் இது: கை கொடுப்பது சாட்சி சொல்வது ஆகாது. கல்யாணத்தில் அட்சதை போடுகிறோம். மாப்பிள்ளை யோக்கியன் என்று கையெழுத்துப் போட்டா கொடுக்கிறோம்? ஆகாதவன் வீட்டில் சாவு விழுந்தால் போய் நிற்கிறோம். அது அவனுக்கு நற்சான்றிதழ் அல்ல. மேடையில் கை கொடுப்பதும் அப்படி ஒரு மரியாதைதான்.

சொல்லிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் எனக்கே அலுத்துவிட்டது. பையன் கேட்டது சம்பிரதாயத்தைப் பற்றி அல்ல. மரியாதை என்று ஒன்று உள்ளபடியே இருக்கிறதா, அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு நடத்துகிற நாடகம்தானா என்று கேட்டான்.

இந்தப் போட்டிகளுக்கு ஆதி என்று சொல்லத்தக்க போட்டி 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதி லண்டனில், ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்தது. நடத்தியவர் யூஜின் சாண்டோ. நம் வீட்டுப் பெரியவர்கள் கைவைக்காத பனியனைச் 'சாண்டோ பனியன்' என்று சொல்கிறார்களே, அந்தச் சாண்டோதான். நம் சினிமாவில் தேவர் பிலிம்ஸ் சின்னப்பா தேவருக்கும் அவர் பெயர்தான் பட்டமாக ஒட்டிக் கொண்டது. வெறும் பருமனுக்குப் பரிசு இல்லை. உடம்பின் சீரான வளர்ச்சி, தசையின் தரம், பொதுவான ஆரோக்கியம், தோலின் நிலை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று அவர் விதி வைத்தார். நடுவர்கள் மூவர்: சாண்டோ, லாஸ் என்கிற சிற்பி, மூன்றாவதாக ஒரு கதாசிரியர். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில்தான் அவர். ஆக, இந்த விஷயத்தில் மூக்கை நுழைத்த முதல் கதைக்காரன் நான் அல்லன்.

முதல் பரிசு ஒரு பெரிய பொன்னிறச் சிலை. போட்டி முடிந்து விருந்தும் முடிந்து நள்ளிரவில் டாயில் வெளியே வருகிறார். ஜெயித்த வாலிபன் சிலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தனியாகத் தெருவில் போய்க் கொண்டிருக்கிறான். கூப்பிட்டு விசாரிக்கிறார். கையில் காசில்லை, ஊருக்குத் திரும்ப ரயில் டிக்கெட் மட்டும் இருக்கிறது, விடியும்வரை தெருக்களில் நடந்து பொழுதைப் போக்க உத்தேசம். டாயில் அவனைத் தாம் தங்கியிருந்த ஹோட்டலுக்கு அழைத்துப்போய் அறை வாங்கிக் கொடுக்கிறார். இதைத் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார்.

இதைப் படித்தது முதல் எனக்கு ஒரு சந்தேகம். அந்த மண்டபம் நிறையப் பேர் அவனுக்குக் கைதட்டினார்கள். அவர்கள் மதித்தது எதை? தோளையும் மார்பையும். அவற்றைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவன் இரவு எங்கே படுப்பான் என்று கேட்டவர் ஒருவர்தான். எங்கள் ஊர் மண்டபத்திலும் அப்படித்தான். கூட்டம் தசைக்குக் கைதட்டியது. வளைகாப்பு வீட்டில் வாசலில் நின்ற கதை கூட்டத்துக்குத் தெரியாது. அது என்னவென்று தெரிந்தவர்கள் மேடையில் நின்ற மற்ற ஆறு பேர்தான். அதனால்தான் இந்த விளையாட்டில் எதிரியின் கைகுலுக்கலுக்குக் கூட்டத்தின் கைதட்டலைவிட மதிப்பு அதிகம் என்று எண்ணுகிறேன். பட்டினியைப் பட்டினிதான் அடையாளம் கண்டுகொள்ளும். ஊசி போட்டவனும் பட்டினி கிடக்கிறான். ஊசி அவனுக்காகத் தண்டால் எடுப்பதில்லை. அதற்காக அவன் பக்கத்தில் நிற்பவனை ஏமாற்றவில்லை என்று ஆகிவிடாது. இரண்டும் உண்மை, ஒன்று மற்றொன்றைக் கழுவிவிடாது.

ஆனால், அவன் போட்டானா?

"நீ பார்த்தியா?" என்று டீக்கடையில் கேட்டேன். "பார்க்கலீங்க. எல்லாரும் சொல்றாங்க" என்றான். இங்கேதான் எனக்கு நெருடுகிறது. 1977ஆம் ஆண்டில் 'பம்பிங் அயர்ன்' என்று ஓர் அமெரிக்கப் படம் வந்தது. 1975இல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரில் நடந்த போட்டிகளைப் பற்றியது. தொழில்முறை வீரர்களுக்கான போட்டியோடு, அப்படி அல்லாதவர்களுக்கான போட்டியும் அதில் வருகிறது. பின்னதில் கென் வாலர் என்பவரும் மைக் காட்ஸ் என்கிற பள்ளி ஆசிரியரும் எதிரிகள். காட்ஸின் பனியனைத் திருடி அவர் மனத்தைக் கலைக்கப் போவதாக வாலர் நண்பர்களிடம் சிரித்துக்கொண்டே திட்டம் போடுவார். அப்புறம் காட்ஸ் பனியனைத் தேடுவார், தோற்றும் போவார். பார்த்தவர்களுக்கு வாலர் மேல் எப்படிப்பட்ட வெறுப்பு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தத் திட்டம் போடுகிற காட்சியைப் போட்டி முடிந்த பிற்பாடுதான் எடுத்தார்கள்! கதைக்குச் சுவை கூட்ட முன்னால் கொண்டுபோய் ஒட்டிவிட்டார்கள். பனியன் காணாமல் போனது விளையாட்டாகவே இருக்கட்டும். சதி என்பது கத்தரிக்கோல் செய்த வேலை. இதை அறியாமல் படத்தைப் பார்த்தபோது நானும் நம்பினேன். நம்பியதில் ஒரு திருப்தியும் இருந்தது. ஜெயித்தவன் அயோக்கியனாக இருந்துவிட்டால் தோற்றவனுக்கு எவ்வளவு சௌகரியம்! மற்ற விளையாட்டுகளில் தோற்றவன், 'மெதுவாக ஓடிவிட்டேன்' என்று சொல்லிக் கொள்ளலாம். இதிலே, 'நீ குறைவு' என்று உடம்பைப் பார்த்துச் சொல்கிறார்கள். அந்தக் காயத்துக்கு வதந்தியைப் போல மருந்து வேறில்லை.

உள்ளபடியே தெரிந்திருந்தால் புகார் கொடுக்க வேண்டும். பெயர் போட்டு, எழுத்தில், அவன் பதில் சொல்லும்படியாக. அதில்கூட ஒரு மரியாதை இருக்கிறது. பதில் சொல்லத் தகுந்த மனிதனாக அவனை வைத்துப் பேசுகிறோம். எழுத்தில் கொடுக்கத் துணிவில்லாததை டீக்கடையில் சொல்வதுதான் தவறு. இதை நான் பெரிய உத்தமன் போலச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். எழுத்தாளர்களுக்குப் பரிசு கொடுக்கும் விழாக்களுக்கு நான் போயிருக்கிறேன். பரிசு வாங்காத நாங்கள் இரண்டு விரலால் கைதட்டிவிட்டு, காபி குடிக்கிற இடத்தில் நடுவருக்கும் பரிசு பெற்றவருக்கும் என்ன உறவு என்று ஆராய்ச்சி செய்வோம். எங்களுக்கும் முதுகு இருக்கிறது. 'திரும்பு தம்பி' என்று யாரும் எண்ணெயோடு வந்ததாக எனக்கு நினைவில்லை. நானும் யாரிடமும் போனதில்லை.

தோற்றவர்களிலும் ஒருவரைச் சொல்ல வேண்டும். மனோகர் ஐச் என்ற வங்காளி. உயரம் ஐந்து அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. வெள்ளைக்காரன் காலத்தில் விமானப்படையில் இருந்தபோது, தரக்குறைவாகப் பேசிய அதிகாரியை அறைந்துவிட்டுச் சிறைக்குப் போனவர். சிறையிலும் தேகப்பயிற்சியை விடவில்லை. 1951இல் லண்டனில் நடந்த மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டியில் மனோதோஷ் ராய் என்ற இன்னொரு வங்காளி தம் பிரிவில் ஜெயித்தார். அந்த ஆண்டு ஐச்சுக்கு இரண்டாம் இடம். அவர் ஊர் திரும்பவில்லை. லண்டனிலேயே ரயில்வேயில் ஒரு வேலையைத் தேடிக் கொண்டார். அடுத்த ஆண்டு மறுபடியும் மேடை ஏறி உயரம் குறைந்தோர் பிரிவில் ஜெயித்தார். 2016இல் நூறு வயதைக் கடந்து காலமானார். அந்த ஓராண்டு, ரயில்வே வேலைக்கு நடுவே, அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று யோசிப்பதுண்டு. அறையத் தெரிந்தவர், அறைய வேண்டிய இடம் எது, திரும்பி வர வேண்டிய இடம் எது என்ற வித்தியாசமும் தெரிந்தவர்.

போண்டாக் காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டுப் பையன் ஸ்கூட்டரை உதைத்தான். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"அந்த ஒல்லிப் பையன் யாரப்பா?"

"எதுங்க மாமா? கடைசியா நின்னவனா? தெரியலீங்க. புதுசு."

"ஜெயிச்சவன் அவன்கிட்ட என்னமோ சொன்னானே?"

"வயித்தைக் காட்டறப்ப மூச்சை உள்ளே இழுக்காதே, வெளியே விடுன்னான். அதைத்தான் நாங்க மொதல்ல கத்துக்குவோமுங்க."

"நீ ஏன் சொல்லல?"

பதில் வரவில்லை. எங்கள் தெரு திரும்பும்வரை அவன் பேசவே இல்லை. நான் கேட்டது கொஞ்சம் குரூரம்தான். அன்று இரண்டாவதாக வந்தவனிடம் கேட்கக் கூடாது. ஆனால் அவன் என்னிடம் பொய்யைப் பற்றிக் கேட்டான். மேலே நிற்பவனுக்கு எவ்வளவு மரியாதை கொடுக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தான். அதே மேடையில், இரண்டு முழ தூரத்தில், அவன் சிரித்த சிரிப்பு அந்தக் கணக்கில் சேரவே இல்லை. ஜெயித்தவனுக்குக் கை கொடுக்கப் பத்துப் பேர் சொல்லிக் கொடுப்பார்கள். படம் எடுக்க ஆள் நிற்கும். ஏழாவதாக நின்றவனும் பட்டினி கிடந்துதான் வந்திருப்பான். அவன் வீட்டிலும் மஞ்சள் கரு வீணாகியிருக்கும். அந்த மண்டபத்தில் அதைத் தெரிந்து வைத்திருந்தவனாக நான் கண்டது, ஊசி போடுகிறான் என்று எல்லோரும் சொல்கிற அந்த ஒருவனைத்தான். இதை வைத்து அவனை உத்தமன் என்று தீர்மானிக்க நான் தயாராக இல்லை. பையன் சொன்னது மெய்யாகவும் இருக்கலாம். அப்படியானால், ஏமாற்றுகிற ஒருவனுக்கு ஏமாற்றாத இன்னொருவனைவிட அதிகமான மரியாதை தெரிந்திருக்கிறது என்று ஆகும். கதையில் எழுதினால் வாசகர்கள் ஒப்ப மாட்டார்கள்.

இந்த ஆண்டும் போட்டி வருகிறது. மஞ்சள் கரு மறுபடியும் தெருவுக்கு வந்துவிட்டது. போன வாரம் பையன் வந்து கூப்பிட்டான். பழைய வேஷ்டி ஒன்றை எடுத்து வைத்திருப்பதாகவும், எண்ணெய் தடவ நானே பின்னால் வந்து நிற்பதாகவும் சொன்னேன்.

"வேண்டாமுங்க மாமா" என்றான். "நீங்க முன்னாடி சேர்ல உக்காருங்க. அங்க ஆள் இருப்பாங்க."